இருபது லேப்பில் பல்லிளிக்கும் டயரா?

டிவியில் ஃபார்முலா ஒன் பார்க்க உட்கார்ந்தால் பக்கத்திலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும்: "என் ஸ்கூட்டர் டயர் முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடுது. கோடி கோடியா கொட்டியும் இவங்க டயர் இருபது லேப்ல பல்லிளிக்குது. இதுல என்னய்யா டெக்னாலஜி?"

பல்லிளிப்பது தயாரித்தவர்களின் கையாலாகாத்தனம் அல்ல. 2011-இல் டயர் நிறுவனமான பைரெல்லி உள்ளே வந்தபோது, 'பந்தயம் சப்பென்று இருக்கிறது, சீக்கிரம் தேய்கிற டயராகக் கொடுங்கள்' என்று கேட்டதே பந்தயத்தை நடத்துபவர்கள்தான். கேட்டதைக் கொடுத்துவிட்டு அன்றிலிருந்து வசவு வாங்கிக்கொண்டிருக்கிறது அந்த நிறுவனம். உழைக்கும் டயரும் அவர்களிடம் உண்டு. 2014 ரஷ்யப் பந்தயத்தில் நிகோ ரோஸ்பெர்க் முதல் லேப்பிலேயே பிரேக்கை ஓங்கி மிதித்து டயரைக் கெடுத்துக்கொண்டார். மாற்றிய செட்டிலேயே மீதி 52 லேப்பையும், அதாவது 300 கிலோமீட்டருக்கு மேல், ஓட்டி இரண்டாவதாக வந்தார்.

அடுத்தது, 'மொட்டை டயர்' என்ற கிண்டல். காய்ந்த தளத்தில் வெட்டு இருந்தால் தரையைத் தொடும் ரப்பர் குறையும்; பிடிப்பும் குறையும். அவ்வளவுதான். மழைக்கென்று நீலக்கோடு டயர் இருக்கிறது; 300 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வாரி இறைக்கும். இதில் ஒரு கூத்து உண்டு, மறுக்கவில்லை: இறைத்த தண்ணீர் பின்னால் வருபவரின் கண்ணை மறைப்பதால், அந்த டயர் தேவைப்படும் அளவு மழை கொட்டினால் பெரும்பாலும் சிவப்புக் கொடி காட்டி நிறுத்திவிடுகிறார்கள்.

"ஒரே டயர்லதான் ஓடணும்னு விதி போட வேண்டியதுதானே?" போட்டார்களே, 2005-இல்! தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட். நூர்பர்க்ரிங்கில் முன்னணியில் இருந்த கிமி ரைக்கோனனின் டயர் ஒரு பக்கம் சப்பையாகி, கார் கிடுகிடுவென்று ஆடி, கடைசி லேப்பில் சஸ்பென்ஷன் முறிந்தது. மூன்று வாரம் கழித்து இண்டியானாபொலிஸ். அங்கே சரிவான கடைசி வளைவின் பாரத்தைத் தங்கள் டயர் தாங்காது என்று மிஷெலினே கைவிரித்துவிட்டது. ஃபார்மேஷன் லேப் முடிந்ததும் மிஷெலின் டயர் போட்ட 14 கார்கள் வரிசையாக கராஜுக்குத் திரும்பின. மிச்சம் ஆறு, ஆறும் பிரிட்ஜ்ஸ்டோன்.

"டயர்ல என்ன இருக்கு, எல்லாம் ஓட்டுறவன் கையில" என்பவர்கள் அன்றைய முடிவுப் பட்டியலைப் பார்க்கட்டும். நான்காவது இடத்தில் ஜோர்டன் காரில் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்னில் அவர் எடுத்த மொத்தப் புள்ளிகள் ஐந்து. ஐந்தும் அன்று கிடைத்தவை.

அடுத்த ஆண்டே டயர் மாற்ற மறுபடி அனுமதி கொடுத்துவிட்டார்கள்.