காளான் குருமா ஏன் நீர்த்துப் போகிறது?

'வீட்டுக்குப் பின்னால் குடில் போட்டு, சிப்பிக்காளான் வளர்க்கிறேன். 200 கிராம் பாக்கெட்டாக அக்கம்பக்கத்தில் விற்கிறேன். ஒருமுறை வாங்கியவர்கள், ''குருமா தண்ணியா போச்சு, வழவழன்னு இருக்கு'' என்று சொல்லி மறுமுறை வாங்குவதில்லை. ஓட்டல்போலக் கெட்டியாகச் செய்ய வழி இருக்கிறதா? கிரீம் வாங்கிக் கட்டுப்படியாகாது.'
- வாசகி, ஒட்டன்சத்திரம்.

கிரீம் தேவையே இல்லை சகோதரி. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உங்கள் 200 கிராம் பாக்கெட்டில் ஏறத்தாழ 180 கிராம் தண்ணீர்தான். அதை அப்படியே மசாலாவில் போட்டால், அந்தத் தண்ணீரில் நிறையக் குழம்பில்தான் இறங்கும். எவ்வளவு முந்திரி அரைத்து ஊற்றினாலும் நீர்த்துத்தான் போகும்.

காளானை ஊற வைக்காமல், ஓடும் தண்ணீரில் சட்டென்று அலசிப் பிழியுங்கள். அடித்தண்டு கடினமாக இருக்கும். வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் கையால் கிழித்துக்கொள்ளுங்கள். அகலமான இரும்பு வாணலியில் எண்ணெய், உப்பு, மூடி எதுவும் இல்லாமல், தீயைக் கூட்டி வதக்குங்கள். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் விடும். பயந்துபோய் இறக்கிவிட வேண்டாம். அது வற்றி, ஓரம் லேசாகச் சிவக்கும்வரை விடுங்கள். பாக்கெட் பாதியாகச் சுருங்கிவிடும். 'இவ்வளவுதானா' என்று தோன்றும். ருசி அதில்தான் இருக்கிறது.

கால் மூடி தேங்காய், ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, அரை ஸ்பூன் சோம்பு, இரண்டு பச்சை மிளகாய் சேர்த்து வெண்ணெய்போல அரைக்கவும். முந்திரி இருந்தால் எட்டு போதும். வெந்நீரில் ஊற வைத்து அரைக்கலாம். கடலை எண்ணெயில் பட்டை, கிராம்பு தாளித்து, பத்து சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது வதக்கி, அரைத்ததை ஒரு டம்ளர் தண்ணீருடன் ஊற்றுங்கள். பொட்டுக்கடலை கொதிக்கக் கொதிக்க இறுகும், அடிபிடிக்காமல் கிளறுங்கள். பச்சை வாசனை போனதும் காளானைப் போட்டு, உப்பும் மிளகுத்தூளும் சேர்த்து மூன்று நிமிடத்தில் இறக்கவும். உப்பை முதலிலேயே போட்டால் காளான் வதங்காமல் வெந்துபோகும். வழவழப்பு அப்படித்தான் வருகிறது. தக்காளி வேண்டாம். இறக்கியபின் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு போதும்.

குறை முழுவதும் சமைப்பவர்மேல் இல்லை. பைகளுக்குத் தண்ணீர் தெளித்த கையோடு அறுவடை செய்தால், காளான் நீர் கோத்து, பாக்கெட்டிலேயே வியர்த்துவிடும். காலையில் முதலில் பறித்துவிட்டு, பிறகு தெளியுங்கள். ஓரம் சுருளத் தொடங்குமுன் பறித்துவிட வேண்டும். பாக்கெட்டில் நாலைந்து துளை போடுங்கள்.

'முதலில் வெறும் வாணலியில் வதக்கவும், உப்பு கடைசியில்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பாக்கெட்டோடு கொடுங்கள். வாங்காமல் போனவர்கள் வீட்டுக்கு, ஒரு கிண்ணம் குருமாவும் அனுப்பிப் பாருங்கள்.