நிறம் பார்த்துப் புயலை அளப்பவர்கள்

புயல் என்றால் இப்போது யாரும் அறிக்கை படிப்பதில்லை. கைப்பேசியில் நிறம் பார்க்கிறார்கள். ஊதா தெரிந்தால் அலறல், பச்சை என்றால் குறட்டை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் எங்கள் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 70, 80 கி.மீ. தான். 2011இல் 'தானே' 120க்கு மேல் வீசி மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு இது பொருட்டாகவே தெரியவில்லை. "படத்தில் சிவப்பே இல்லையே சார்!" ஆனால் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது, தெருக்களில் படகு விட்டார்கள். காற்றுப் படத்தில் மழைக்கு ஏது நிறம்?

அந்த நிறங்களும் புயல் கொண்டு வந்தவை அல்ல. ஒவ்வொரு தளமும் தன் இஷ்டத்துக்குப் பூசுவது. ஒரே வேகம் ஒன்றில் மஞ்சள், இன்னொன்றில் சிவப்பு. நாளைய காற்றைக் காட்டும் படமோ கணினியின் கணக்கு, யாரும் அளந்தது அல்ல.

இன்னொரு கூத்து. நம் வானிலைத் துறை சொல்வது 3 நிமிடச் சராசரி வேகம்; அமெரிக்கர்கள் சொல்வது 1 நிமிடச் சராசரி. அவர்கள் எண் கூடுதலாகத்தான் இருக்கும். உடனே, "நம்மவர்கள் மறைக்கிறார்கள்" என்று வாட்ஸப்பில் ஒரு கூட்டம் கிளம்புகிறது.

பாதையைச் சுற்றி வரையும் கூம்பைப் புயலின் பருமன் என்றே பலர் நினைக்கிறார்கள். புயலின் மையம் எங்கெல்லாம் போகக்கூடும் என்பதே அது. கூம்புக்கு வெளியே இருக்கும் வீட்டுக் கூரையும் பறக்கும்.

தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதாத பில்லை நாங்கள் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவோம். நிறம் பூசுகிறவர்களும் வேகம் இத்தனை, மழை இத்தனை என்று படத்தின் மேலேயே தமிழில் எழுதட்டும்.