புதுப்பிக்கும் முன்பே பாருங்கள்

மருத்துவக் காப்பீடு 5 லட்சத்துக்கு இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களே, பாலிசியில் அறை வாடகை வரம்பைப் பார்த்தீர்களா? வரம்பு நாளுக்கு 5,000 ரூபாய், தங்கிய அறை 10,000 ரூபாய் என்றால், பல பாலிசிகளில் வாடகை மட்டுமல்ல, மருத்துவர் கட்டணம், அறுவை அரங்குக் கட்டணமும் பாதியாக வெட்டப்படும். டிஸ்சார்ஜ் நாளில் மீதிப் பணத்துக்குக் குடும்பங்கள் அலைவது கொடுமை.

இந்த வரம்பை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது? முகவர் காப்பீட்டு நிறுவனத்தின் பிரதிநிதி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் உரிமம் பெற்ற தரகரோ வாடிக்கையாளரின் பிரதிநிதி. பல நிறுவனங்களின் பாலிசிகளை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியவர். அவருக்கும் கமிஷன் உண்டு. ஆகவே, துருவிக் கேளுங்கள். உள்ளூர்க்காரர் என்றால் க்ளெய்ம் சிக்கலில் நேரில் போய் நிற்கலாம்.

நிறுவனம் மாற நேர்ந்தால் அவகாசம் வேண்டும். புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே பாலிசியைத் தரகரிடம் பிரித்துக் காட்டுங்கள்.