உங்கள் போட்டோ, யாருக்குக் காசு? ஸ்டாக் போட்டோகிராஃபியில் வருமானமும் உரிமையும்: முழு விளக்கம்

ஒரு படத்தை ஒரு முறை எடுக்கிறீர்கள். அதையே நூறு பேருக்கு விற்கலாம். தூங்கும்போதும் காசு வரும். ஸ்டாக் போட்டோகிராஃபி பற்றி யூடியூபில் கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள். இதில் உண்மையும் இருக்கிறது, சொல்லாமல் விட்டதும் இருக்கிறது.

2025-ல் இந்தத் துறையை உலுக்கிய இரண்டு செய்திகள் வந்தன. ஜனவரியில், உலகின் மிகப்பெரிய பட விற்பனை நிறுவனங்களான கெட்டி இமேஜஸும் ஷட்டர்ஸ்டாக்கும் இணையப் போவதாக அறிவித்தன. ஒன்றிணைந்த நிறுவனத்தின் மதிப்பு சுமார் 370 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. நவம்பர் 4-ம் தேதி, ஏஐ நிறுவனம் ஒன்றின் மீது கெட்டி தொடுத்திருந்த வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் கெட்டியின் முக்கியமான வாதங்கள் எடுபடவில்லை.

அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலைமை என்றால், கேமராவும் லேப்டாப்பும் மட்டும் வைத்திருக்கும் தனிநபர் தன் படத்தை எப்படிக் காப்பாற்றுவது? அதிலிருந்து எவ்வளவு சம்பாதிக்க முடியும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்டாக் போட்டோ என்றால் என்ன?

விளம்பர நிறுவனம், பத்திரிகை, பாடப்புத்தகம் அச்சிடுபவர், இணையதளம் நடத்துபவர் என எல்லோருக்கும் படம் தேவை. ஒவ்வொன்றுக்கும் தனியாக போட்டோகிராஃபரை அனுப்ப முடியாது. அதனால் ஏற்கெனவே எடுத்து வைக்கப்பட்ட படங்களை ஒரு தளத்திலிருந்து வாங்கிக்கொள்கிறார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் விற்பது படத்தை அல்ல, அதைப் பயன்படுத்தும் அனுமதியை. அதைத்தான் லைசென்ஸ் என்கிறோம். காப்பிரைட் உங்களிடமே இருக்கும்.

'ராயல்டி ஃப்ரீ' என்ற சொல்லைப் பார்த்துப் பலரும் குழம்பிவிடுகிறார்கள். அதற்கு 'இலவசம்' என்று அர்த்தம் இல்லை. வாங்குபவர் ஒரு முறை பணம் கட்டிவிட்டால், விதிகளுக்கு உட்பட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், ஒவ்வொரு முறையும் பணம் கட்ட வேண்டாம் என்பதுதான் அர்த்தம். இதற்கு எதிரானது 'ரைட்ஸ் மேனேஜ்டு'. எந்த நாட்டில், எவ்வளவு காலம், எந்த அளவில் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதைப் பொறுத்து அதில் விலை மாறும்.

இன்னொரு பிரிவும் உண்டு. 'கமர்ஷியல்' என்றால் பொருளையோ சேவையையோ விற்கும் விளம்பரத்துக்கு. 'எடிட்டோரியல்' என்றால் செய்திக்கும் தகவலுக்கும். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

சரி, காசு எவ்வளவு கிடைக்கும்?

அடோபி ஸ்டாக்கில் போட்டோவுக்கு 33 சதவீதம் பங்கு. ஐஸ்டாக்கில், அந்தத் தளத்துக்கு மட்டும் என்று ஒப்பந்தம் போடாதவர்களுக்கு போட்டோவுக்கு 15 சதவீதம். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூன் மாதம் தன் முறையை மாற்றியது. வருடத்தின் முதல் 100 டவுன்லோடு வரை 15 சதவீதம். டவுன்லோடு கூடக் கூட இது ஆறு படிகளாக உயர்ந்து, 25,000-ஐத் தாண்டினால் 40 சதவீதம். ஆனால் ஜனவரி 1 பிறந்ததும் எல்லோரும் மறுபடியும் முதல் படிக்கே வந்துவிட வேண்டும். சந்தா கட்டி வாங்கும் வாடிக்கையாளர் உங்கள் படத்தை எடுத்தால், குறைந்தபட்சமாக 10 சென்ட் மட்டுமே கிடைக்கலாம். உலகம் முழுவதும் போட்டோகிராஃபர்கள் அப்போது கொதித்தெழுந்ததற்கு இதுதான் காரணம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு டவுன்லோடுக்கு 10 சென்ட் என்றால், 25 டாலர் சேர 250 டவுன்லோடு வேண்டும். பல தளங்களில் குறைந்தபட்சத் தொகை சேர்ந்தால்தான் பணத்தை எடுக்கவே முடியும். அடோபி ஸ்டாக்கில் அந்தத் தொகை 25 டாலர். அப்படின்னா, 50 படம் ஏற்றிவிட்டு மாதச் சம்பளத்தை எதிர்பார்ப்பது நடக்காத காரியம். இது எண்ணிக்கையும் பொறுமையும் சேர்ந்த வியாபாரம்.

வரியையும் மறக்கக் கூடாது. அமெரிக்க நிறுவனங்களுக்குப் படம் கொடுப்பவர்கள் டபிள்யூ-8பென் என்ற படிவத்தைப் பூர்த்தி செய்து, பான் எண்ணையும் கொடுக்க வேண்டும். செய்யாவிட்டால் அமெரிக்காவிலிருந்து வரும் ராயல்டியில் 30 சதவீதம் பிடித்துவிடுவார்கள். செய்தால், இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தப்படி 15 சதவீதம். முழு வருமானமும் இந்தியாவில் வருமான வரிக் கணக்கில் காட்டப்பட வேண்டும். அங்கே பிடித்த வரியை இங்கே கழித்துக்கொள்ள வழி உண்டு. ஆடிட்டரிடம் கேட்டுச் செய்வது நல்லது.

எந்தப் படம் விலை போகும்?

மெரினா சூரிய உதயம், ரோஜாப்பூ, மழைத்துளி போன்ற படங்கள் தளங்களில் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. வாங்குபவர் தேடுவது அழகை மட்டும் அல்ல, பயன்பாட்டை. யுபிஐ-யில் பணம் வாங்கும் பூக்காரம்மா, சொட்டுநீர்க் குழாய் போடும் விவசாயி, ரேஷன் கடை வரிசை, அரசுப் பள்ளி ஆய்வகம், மாத்திரைப் பெட்டியுடன் உட்கார்ந்திருக்கும் தாத்தா போன்ற படங்களை வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வந்து எடுப்பது கஷ்டம். உங்களுக்கு அது தெருமுனையில் கிடைக்கும்.

படத்துக்குக் கொடுக்கும் தலைப்பும் கீவேர்டுகளும் படத்துக்கு இணையாக முக்கியம். தேடலில் சிக்காத படம் இருந்தும் இல்லாததுதான்.

கேமரா என்னுடையது, நான் க்ளிக் செய்தேன். உரிமை எனக்குத்தானே?

பெரும்பாலும் ஆமாம். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன்படி போட்டோ ஒரு கலைப் படைப்பு, அதை எடுத்தவரே படைப்பாளர். க்ளிக் செய்த நொடியிலேயே உரிமை வந்துவிடும், பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. 2012-ல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, போட்டோவுக்கான காப்பிரைட் எடுத்தவரின் வாழ்நாள் முழுக்கவும், அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும்.

ஆனால் பலருக்கும் தெரியாத விஷயம் சட்டத்தின் 17-வது பிரிவில் இருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்து உங்களை போட்டோ எடுக்கச் சொன்னால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான்! கல்யாண வீட்டில் எடுத்த படம், நகைக்கடைக்காக எடுத்த படம் எல்லாம் இதில் அடங்கும். மணப்பெண்ணின் மருதாணிக் கை நன்றாக வந்திருக்கிறதே என்று ஸ்டாக் தளத்தில் ஏற்றினால், சட்டப்படி அது அடுத்தவர் சொத்தை விற்பது. நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கும் இதே கதைதான். வேலைக்காக எடுத்த படம் பொதுவாக முதலாளிக்கே சொந்தம். ஆர்டர் பிடிக்கும்போதே, 'காப்பிரைட் போட்டோகிராஃபரிடம் இருக்கும்' என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வதுதான் இதற்கு ஒரே வழி.

உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதும் எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். எவ்வளவு காலம் என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகள். எந்தப் பகுதி என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். இது 19-வது பிரிவு.

படத்தில் இருப்பவருக்கு உரிமை இல்லையா?

இருக்கிறது. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

2013-ல் நியூயார்க்கில் நடந்தது இது. எச்ஐவி பாதித்தவர்களின் உரிமை பற்றி மாநில அரசுத் துறை ஒன்று விளம்பரம் வெளியிட்டது. அதில் இருந்த பெண்ணுக்கு எச்ஐவி கிடையாது. வேறு ஒரு வேலைக்காக அவரைப் படம் பிடித்த போட்டோகிராஃபர், அவரிடம் எழுத்துபூர்வ அனுமதி வாங்காமலேயே படத்தை கெட்டிக்குக் கொடுத்திருந்தார். அங்கிருந்து அரசுத் துறை வாங்கிவிட்டது. விளம்பரம் வெளியான பிறகுதான் அந்தப் பெண்ணுக்கே விஷயம் தெரிந்தது. வழக்கு, இழப்பீடு என்று நீண்டது.

அதனால்தான், அடையாளம் தெரியும்படி ஒருவர் இருக்கும் படத்தை கமர்ஷியல் பிரிவில் விற்க, 'மாடல் ரிலீஸ்' எனப்படும் ஒப்புதல் படிவத்தைத் தளங்கள் கட்டாயமாகக் கேட்கின்றன. குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அந்தப் பூக்காரம்மா சிரித்துக்கொண்டே போஸ் கொடுத்தார் என்பது ஒப்புதல் ஆகாது. படம் விளம்பரத்தில் வரலாம், எந்த ஊரிலும் வரலாம் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லி, கையெழுத்து வாங்க வேண்டும். முடியாவிட்டால் எடிட்டோரியல் பிரிவில் மட்டும் கொடுக்கலாம்.

பிரபலங்கள் விஷயத்தில் நீதிமன்றங்கள் இன்னும் கறார். நடிகர் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அனுமதி இல்லாமல் அவருடைய பெயர், உருவம், பாணியைப் பயன்படுத்துவதற்கு எதிராக 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2022-ல் அமிதாப் பச்சனுக்கும், 2023-ல் அனில் கபூருக்கும் இதேபோன்ற பாதுகாப்பைக் கொடுத்தது.

கட்டடங்களுக்கும் இது பொருந்தும். பாரிஸின் ஈஃபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்து விற்கலாம். இரவில் எரியும் அதன் விளக்கு அலங்காரத்துக்குத் தனி காப்பிரைட் இருக்கிறது. மும்பை தாஜ்மஹால் பேலஸ் ஹோட்டலின் தோற்றம் 2017-ல் டிரேட்மார்க்காகப் பதிவானது. கம்பெனி லோகோ தெரியும் படத்தையும் தளங்கள் கமர்ஷியல் பிரிவில் ஏற்காது.

என் படத்தைத் திருடிவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில், திருட்டு என்பதை உறுதி செய்யுங்கள். தளத்தில் லைசென்ஸ் வாங்கியே பயன்படுத்தியிருக்கலாம். யார் வாங்கினார்கள் என்று தளங்கள் பொதுவாக உங்களுக்குச் சொல்வதில்லை. எந்தெந்தத் தளத்தில் அந்தப் படத்தை ஏற்றியிருக்கிறீர்கள் என்ற பட்டியல் இருந்தால், அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

* தேடுங்கள்: கூகுள் லென்ஸ், டின்ஐ போன்றவற்றில் படத்தைப் போட்டால் அது எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும்.
* ஆதாரம் சேருங்கள்: தேதியுடன் ஸ்க்ரீன்ஷாட், இணைய முகவரி, உங்களிடம் உள்ள ரா ஃபைல். ரா ஃபைல்தான் உங்கள் பத்திரம், அதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.
* எழுதுங்கள்: பயன்படுத்தியவருக்கு முதலில் மெயில். கட்டணம் கேட்கலாம், நீக்கச் சொல்லலாம்.
* புகார் கொடுங்கள்: சமூக வலைதளங்களில் காப்பிரைட் புகார் படிவம் இருக்கிறது. இந்திய விதிகளின்படி, முறையான புகார் வந்தால் இடைநிலைத் தளம் 36 மணி நேரத்துக்குள் அந்தப் படத்தைத் தடுக்க வேண்டும். ஆனால் 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் அவர்கள் மறுபடியும் திறந்துவிடலாம்.
* நீதிமன்றம்: எதிராளி டெல்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்கு தொடுக்கலாம். தெரிந்தே செய்த மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது.

படத்தில் பெயர் போடுவதால் என்ன லாபம் என்று கேட்கலாம். வெளியான படத்தில் உங்கள் பெயர் இருந்தால், மறுத்து நிரூபிக்கும் வரை நீங்கள்தான் படைப்பாளர் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். 'காப்பிரைட் இருப்பதே எனக்குத் தெரியாது' என்று எதிராளி தப்பிப்பதும் கஷ்டமாகும். ஃபைலுக்குள் இருக்கும் மெட்டாடேட்டாவில் பெயரையும் தொடர்பு விவரத்தையும் நிரப்புங்கள். இந்த உரிமைத் தகவலை அனுமதியில்லாமல் தெரிந்தே நீக்குவது தனிக் குற்றம், 2 ஆண்டு வரை சிறை.

போராடி ஜெயித்தவர்களும் உண்டு. 2010 ஜனவரியில் ஹைட்டியில் பூகம்பம் வந்தபோது, டேனியல் மோரல் என்ற போட்டோகிராஃபர் தன் படங்களை ட்விட்டர் வழியாகப் பகிர்ந்தார். ஏஎஃப்பி செய்தி நிறுவனமும் கெட்டியும் அனுமதியின்றி அவற்றை விநியோகித்தன. சமூக வலைதளத்தில் போட்டால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013-ல் 8 படங்களுக்கு 12 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லி ஜூரி தீர்ப்பளித்தது.

மறுபக்கமும் உண்டு. கரோல் ஹைஸ்மித் என்ற அமெரிக்க போட்டோகிராஃபர் தன் ஆயிரக்கணக்கான படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் மூலம் பொதுமக்களுக்கே கொடுத்துவிட்டார். பின்னாளில், அவருடைய படத்தை அவரே தன் இணையதளத்தில் பயன்படுத்தியதற்கு 120 டாலர் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது! 2016-ல் கெட்டி மீது 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். காப்பிரைட் சார்ந்த அவருடைய முக்கியக் கோரிக்கைகள் தள்ளுபடியாகின. உரிமையை முழுதாக விட்டுக்கொடுத்தால், அதை வைத்து மற்றவர் காசு பார்ப்பதைத் தடுப்பது கடினம் என்பதே இதில் உள்ள பாடம்.

ஏஐ வந்த பிறகு என்ன மாறியது?

தன்னுடைய 1.2 கோடிக்கும் மேற்பட்ட படங்களை ஏஐ பயிற்சிக்குத் திருடிவிட்டதாக ஸ்டெபிலிட்டி ஏஐ மீது கெட்டி 2023-ல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. லண்டனில் நடந்தது தனி வழக்கு. பயிற்சி பிரிட்டனில் நடந்ததற்கு ஆதாரம் இல்லாததால், அந்தக் குற்றச்சாட்டை விசாரணையின்போதே கெட்டி கைவிட்டது. ஏஐ மாடல் படங்களைப் பிரதி எடுத்துச் சேமித்து வைக்கவில்லை, அதனால் அந்த மாடலையே 'திருட்டுப் பிரதி' என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். பழைய வெர்ஷன்கள் உருவாக்கிய சில படங்களில் கெட்டியின் வாட்டர்மார்க் தெரிந்ததால், டிரேட்மார்க் மீறல் என்ற அளவில் மட்டும் சின்ன வெற்றி கிடைத்தது.

அதே நேரத்தில், ஸ்டாக் தளங்களே உங்கள் படங்களை ஏஐ பயிற்சிக்குக் கொடுக்கின்றன. அடோபி தன் ஃபயர்ஃபிளை மாடலை அடோபி ஸ்டாக் படங்களை வைத்துப் பழக்கியது, அதற்காகப் படம் கொடுத்தவர்களுக்கு போனஸும் கொடுத்தது. ஷட்டர்ஸ்டாக் இதற்கென ஒரு நிதி வைத்துப் பங்கு பிரிக்கிறது. பணம் வருவது நல்லதுதான். ஆனால் உங்கள் படத்தைப் பார்த்துப் பழகிய மாடல், நாளை உங்கள் படத்துக்குப் பதிலாகவே நிற்கும். லைசென்ஸ் காசு திரும்பத் திரும்ப வரும், பயிற்சிக் காசு அப்படி வரும் என்று உத்தரவாதம் இல்லை.

இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓபன்ஏஐ மீது 2024-ல் தொடுத்த வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை வெளியிட்ட ஆய்வறிக்கை ஒரு யோசனை சொன்னது. அதன்படி ஏஐ நிறுவனங்கள் படைப்புகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கட்டாயமாக ராயல்டி கட்ட வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'என் படம் வேண்டாம்' என்று மறுக்கும் உரிமை படைப்பாளிக்கு அதில் இல்லை என்பதுதான் சிக்கல்.

'ஐ அக்ரீ' அழுத்தும் முன் என்ன பார்க்க வேண்டும்?

நான்கு விஷயங்களைத் தேடிப் படியுங்கள். ஒன்று, ஒப்பந்தம் அந்தத் தளத்துக்கு மட்டுமா, வேறு தளத்திலும் விற்கலாமா? இரண்டு, துணை லைசென்ஸ் கொடுக்கும் உரிமை தளத்துக்கு இருக்கிறதா? மூன்று, ஏஐ பயிற்சியிலிருந்து விலகிக்கொள்ள வழி இருக்கிறதா? நான்கு, படத்தை நீக்கினால் எத்தனை நாளில் நீங்கும், ஏற்கெனவே விற்ற லைசென்ஸ்கள் என்ன ஆகும்?

கடைசிக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: விற்றது விற்றதுதான். வாங்கியவர் தொடர்ந்து பயன்படுத்தலாம். அதனால், எந்தப் படத்தை ஊருக்கெல்லாம் விற்கலாம், எதைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்றுவதற்கு முன்பே பிரித்துவிடுங்கள்.