பஞ்சகவ்யா டிரம்: கழுவ எது சுலபம்?

கேள்வி: ''வீட்டுக்குப் பின்னால் 4 சென்ட் இடத்தில் கீரை, கத்தரி, வெண்டை போட்டிருக்கிறோம். பஞ்சகவ்யா, மீன் அமிலம் இரண்டையும் வீட்டிலேயே தயாரிக்கிறோம். தயாரிப்பது கூட சிரமமில்லை. டிரம்மைக் கழுவுவதுதான் பெரும்பாடு. கழுவுகிற அன்று நாற்றம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் சத்தம் போடுகிறார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவலாமா? மண்பானை, பிளாஸ்டிக் டிரம், சிமென்ட் தொட்டி, இவற்றில் எது நல்லது?''
- ஒரு வாசகி, திருநீர்மலை.

பதில்: முதலில் பிளீச்சிங் பவுடர். கோமியம் ஊறிய டிரம்மில் அதைப் போடவே கூடாது. கோமியத்திலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் நச்சு வாயு கிளம்பும். டிரம்முக்குள் தலையை விட்டுத் தேய்ப்பவர் அதை நேராக மூச்சில் இழுப்பார். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டைக் கலப்பது இன்னும் மோசம். அதில் வருவது குளோரின் வாயு. தவிர, நுண்ணுயிர் வளர்க்கும் பாத்திரத்தில் கிருமிநாசினி மிச்சம் இருந்தால் அடுத்த தயாரிப்பு எப்படி உருப்படும்?

இனி பாத்திரம். பஞ்சகவ்யாவுக்கு அகன்ற வாய் உள்ள மண்பானை, சிமென்ட் தொட்டி, பிளாஸ்டிக் கேன் எதுவும் ஆகும் என்பதே கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. விளைச்சலில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் கழுவும்போதுதான்.

மண்பானை மோர் சார்ந்த கரைசல்களுக்கு அருமை. தேமோர் கரைசல், அரப்பு மோர் கரைசல் இரண்டும் அதில் நன்றாகப் புளிக்கும். ஆனால் பானையின் நுண்துளைகள் எதையும் உறிஞ்சிக்கொள்ளும். சோப்பு போட்டால் சோப்பையும் உறிஞ்சும். ஒரு நாள் தண்ணீர் ஊற்றி வைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, வெயிலில் காய வைத்தால் போதும். மோருக்கு வைத்த பானை மோருக்கே இருக்க வேண்டும். மீன் அமிலம் ஒரு முறை போட்ட பானையில் அந்த வாடை போகாது.

சிமென்ட் தொட்டி மாடு வைத்து ஏக்கர் கணக்கில் ஜீவாமிர்தம் விடுபவர்களுக்கு உரியது. அடியில் சரிவும் வெளியேற்றும் குழாயும் இல்லாத தொட்டி கட்டவே வேண்டாம். ஆழமான தொட்டியில் சாணக் கசடு தேங்கிக் கிடந்தால், உள்ளே இறங்கிக் கழுவுவது உயிருக்கே ஆபத்து. அதில் உண்டாகும் வாயு ஆளை மயக்கி விழத்தட்டும். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். மேலேயிருந்து தண்ணீர் பீய்ச்சியே கழுவ வேண்டும். 4 சென்ட்டுக்கு இந்த வம்பு எதற்கு?

மிஞ்சுவது பிளாஸ்டிக். இதிலும் நீல நிற 200 லிட்டர் டிரம்மை எல்லோரும் வாங்கிவிடுகிறார்கள். குள்ளமானவர் கை அதன் அடியைத் தொடாது. அடியில் ஒரு சாண் கசடு நின்று, அதில் புழு வைத்து, அதிலிருந்துதான் நாற்றமே வருகிறது. நின்றபடி கை விட்டால் அடி வரை எட்டுகிற, அகன்ற வாயுள்ள 30 முதல் 50 லிட்டர் வாளிதான் வீட்டுத் தோட்டத்துக்குச் சரி. 3 சதவிகிதக் கரைசல் என்றால் 10 லிட்டர் ஸ்பிரேயருக்கு 300 மில்லிதானே செலவாகிறது? பழைய டிரம் வாங்கினால் முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ரசாயனம் இருந்த டிரம் எத்தனை கழுவினாலும் கீரைக்கு ஆகாது. பிளாஸ்டிக்கும் கொஞ்சம் உறிஞ்சும்.

பிளாஸ்டிக்கை இரும்பு நாரால் தேய்ப்பது பலர் செய்யும் தவறு. கீறல் விழுந்தால் அழுக்கு அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். பஞ்சகவ்யாவின் விளிம்பில் வளையமாகப் படிவது நெய். பச்சைத் தண்ணீருக்கு அது அசையாது. வெதுவெதுப்பான நீரில் சீயக்காய்த் தூளோ அரப்புத் தூளோ கரைத்துப் பழந்துணியால் துடைத்தால் வழுவழுப்பு விட்டுவிடும்.

வேலையைப் பாதியாகக் குறைக்கும் ஒரு வழி உண்டு. ஜீவாமிர்தத்துக்குச் சாணத்தை நேராகக் கொட்டாமல், சாக்கிலோ பருத்தித் துணியிலோ மூட்டையாகக் கட்டித் தண்ணீரில் தொங்கவிடலாம். தினமும் கலக்கும்போது மூட்டையைப் பிசைந்துவிட வேண்டும். சாறு இறங்கும், நார் மூட்டையிலேயே நிற்கும். வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்களும் பாத்திரம் கழுவுவதற்குப் பயந்து தானியத்தைத் துணிப்பையில் கட்டித்தான் ஊற வைக்கிறார்கள். (நம் ஊரில் அதைச் செய்தால் போலீஸ் வரும், துணிப்பையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.) ஸ்பிரேயர் நாசில் அடைப்பதும் குறையும். பஞ்சகவ்யாவுக்கு இது சரிப்படாது. சாணமும் நெய்யும் கலந்து ஊற வேண்டியது அது. அதை நன்றாக ஆனபின் வடிகட்டுவதே வழி.

மீன் அமிலத்துக்குத் தனியாக ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் ஜாடி வேண்டும். மீன் கழிவும் நாட்டுச் சர்க்கரையும் சம எடை. முக்கால் ஜாடிக்கு மேல் நிரப்பினால் பொங்கும். வாயு வெளியேற அவ்வப்போது மூடியைத் தளர்த்த வேண்டும். முள்ளும் கசடும் மண்ணில் ஆழமாகப் புதைக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் நாய் தோண்டிவிடும், மறுபடி தெருச் சண்டை.

திருநீர்மலை 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். கழுவிய நீரைச் சாக்கடையில் விட்டால் தெருவே மணக்கும், அது கடைசியில் ஏரிக்கோ அடையாற்றுக்கோதான் போகும். காலி செய்தவுடனே, காயவிடாமல், 2 லிட்டர் வீதம் மூன்று முறை அலசி, அந்த நீரைத் தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றிவிடலாம். அதுவும் உரம்தான். கசடு மக்குக் குழிக்கு. பிறகு சீயக்காய்க் கழுவல் ஒன்று போதும். அன்றைய நாற்றமும் பெருமளவு அடங்கும்.

மழைக்காலத்தில் காலி வாளியை நிமிர்த்தி வைக்கக் கூடாது. டெங்கு கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் முட்டை ஒட்டும். காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. சுவரைத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைக்க வேண்டும்.