கூடவே வரும் கடிதம்

கவிதை ஒரு பக்கம், அதனுடன் வரும் கடிதம் மூன்று பக்கம். இந்த இதழுக்கு வந்த உறைகளில் பாதிக்கு மேல் அப்படித்தான். அப்பா இறந்தது, வேலை போனது, அழுதுகொண்டே எழுதியது எல்லாம் கடிதத்தில் இருக்கிறது. அந்தத் துக்கத்தில் எங்களுக்குத் துளியும் சந்தேகமில்லை. அது கவிதை வரை வந்ததா என்பதுதான் சிக்கல்.

நாடகக்காரர்களிடமும் இதே போன்ற ஒரு நம்பிக்கை உண்டு: அரிதாரம் பூசி மேடையேறிவிட்டால் வீட்டுத் துக்கம் பாட்டாகிவிடும். சாட்சிக்கு உடனே கே.பி.சுந்தராம்பாளை அழைப்பார்கள். 1908இல் கொடுமுடியில் பிறந்தவர், வறுமையில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி, கணவரும் நாடக நடிகருமான எஸ்.ஜி.கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்து மேடைகளைக் கட்டியாண்டவர். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 27 வயது, இவருக்கு 25. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற சபதம்.

இந்தச் சபதத்தைக் காதலின் உச்சமென்று சொல்லிச் சொல்லியே நாம் அதைச் சரியாகப் பார்க்காமல் விட்டோம். அது ஒரு தொழில் நிபந்தனையும்கூட. வள்ளி முதல் அத்தனை நாயகி வேஷங்களும் ஒரே நாளில் கைவிட்டுப் போயின. சினிமாவில் மிஞ்சியவை எவை? 1935இல் நந்தனார், அதாவது ஆண் வேஷம். 1953இல் ஔவையார். 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் துறவி கவுந்தியடிகள். எல்லாமே இல்லறத்துக்கு வெளியே நிற்கும் வேஷங்கள். துக்கம் அவருக்குப் பாட்டைத் தரவில்லை. சில கதவுகளைச் சாத்தியது. திறந்திருந்த கதவுகள் வழியே அவர் போனார்.

துக்கமே கலையாகிவிடும் என்றால் ‘நந்தனார்’ அல்லவா சிகரமாக இருந்திருக்க வேண்டும்? இழப்பு நடந்து இரண்டே வருஷம், புண் ஆறாத நேரம். ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்று ஊரெல்லாம் பேச்சு. படம் எடுபடவில்லை; எழுத்தாளர் கல்கி கிண்டலடித்து எழுதினார். ஜனங்கள் கொண்டாடிய ஔவையார் வர இன்னும் 18 வருஷம் ஆயிற்று.

‘ஔவையார்’ படத்தை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். குரல் உச்சத்துக்கு ஏறும்போதும் சொல் உடைவதில்லை. ற, ன எதுவும் மழுங்குவதில்லை. மைக் இல்லாத கொட்டகையில் தரை டிக்கெட்காரனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் போய்ச் சேர வேண்டும் என்று பழகிய தொண்டை அது. அழுகிறவனின் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதில் இந்த ஸ்தாயி ஏறாது. கேட்கிற நமக்குத்தான் கண் கலங்குகிறது. பாடுகிறவர் மூச்சை எங்கே எடுப்பது என்பதில் கவனமாக இருக்கிறார்.

அவருடைய துக்கம் பாடிப் பாடிக் கரைந்ததா? 1980இல் இறக்கும்வரை, 47 வருஷம், சேலையின் நிறம் மாறவில்லை. மேடைக்காரர்களின் நம்பிக்கை பொய் என்று சொல்ல மாட்டோம். அது பார்வையாளருக்குப் பலித்த அளவுக்கு அவருக்குப் பலிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

அடுத்த இதழுக்கான படைப்புகள் மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும். பெயரும் முகவரியும் போதும், கடிதம் வேண்டாம்.