சொந்தத் தளம் இல்லை... ஆனாலும் 9 இடங்களில் அனுமதி! பிலிப்பைன்ஸில் அமெரிக்கா சாதித்தது எப்படி?

1991-ல் அமெரிக்கத் தளங்களை நீட்டிக்க மறுத்தது பிலிப்பைன்ஸ் செனட். அடுத்த ஆண்டே சுபிக் பே கடற்படைத் தளம் காலியானது. அப்புறம் எப்படி திரும்பி வந்தாங்க?

2012-ல் ஸ்கார்பரோ திட்டு சீனாவின் கட்டுப்பாட்டுக்குப் போனது. 2014-ல் புது ஒப்பந்தம். தளம் பிலிப்பைன்ஸுக்கே சொந்தம். அமெரிக்கப் படைகள் சுழற்சி முறையில் வந்து தங்கலாம், தளவாடங்களை இருப்பு வைக்கலாம். அணு ஆயுதம் மட்டும் கூடாது.

2023-ல் 5 இடங்கள் 9 ஆனது. புதிய நான்கில் மூன்று, தைவானுக்கு அருகே உள்ள வடக்கு லூசானில்!

சிக்கல் இங்கதான். பிலிப்பைன்ஸ் தாக்கப்பட்டால் அமெரிக்கா துணைக்கு வரும் என்பது 1951 ஒப்பந்தம் தரும் தைரியம். ஆனா தைவானுக்காகப் போர் வெடிச்சா, இதே தளங்கள் சீனாவின் இலக்காகலாம்.